மூன்று புள்ளிகள் வந்த கதை

கேள்வி: சி மொழியில் நான் எழுதும் ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்குமென்ட் என்றால் இரண்டுதான் கொடுக்க முடிகிறது. பிரின்ட்எஃப் மட்டும் எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறதே, அதற்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

பதில்: சலுகை சி-யைவிட மூத்தது. சி-க்கு முன்னால் பெல் லேப்ஸில் கென் தாம்சன் உருவாக்கிய பி மொழியிலேயே பிரின்ட்எஃப் உண்டு. பி-யில் எண், எழுத்து என்ற பேதம் கிடையாது. எல்லாமே ஒரே அளவு. அதனால் முதல் ஆர்குமென்ட் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பந்தியில் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டே போவதுபோல அடுத்தடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

டென்னிஸ் ரிட்சி சி-யில் வகைகளைக் கொண்டுவந்ததும் இலைகளின் அளவு மாறிவிட்டது. எழுத்துக்கு ஒரு அளவு, தசம எண்ணுக்கு வேறு அளவு. அடுத்த இலை எவ்வளவு தள்ளி இருக்கிறது? இயந்திரத்துக்கு இயந்திரம் விடை மாறியது. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகமே, எல்லா இயந்திரத்துக்கும் பொருந்துகிற திருப்தியான வழி இல்லை என்று கைவிரித்தது. 1989-இல் வந்த ஆன்சி தரம்தான் அதைச் சரிசெய்தது. அப்போது, ஃபங்ஷனின் ஆர்குமென்ட் பட்டியலின் கடைசியில் 'இன்னும் எத்தனையும் வரலாம்' என்று சொல்ல வந்த மூன்று புள்ளிகள் (...) சி++ கொடுத்த கடன். பிள்ளையிடம் அப்பா வாங்கிய கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆனால் ஒன்று மட்டும் இன்றும் வரவில்லை. எத்தனை ஆர்குமென்ட் வந்தது என்று ஃபங்ஷனுக்கு யாரும் சொல்வதில்லை. பிரின்ட்எஃப் முதல் ஆர்குமென்ட்டில் உள்ள சதவீதக் குறிகளைப் பார்த்தே கணக்குப் போடுகிறது. இரண்டு '%டி' எழுதி ஒரே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது இடத்தில், அங்கே ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். இப்போதைய கம்பைலர்கள் பெரும்பாலும் எச்சரிக்கும். நான் கற்றுக்கொண்ட காலத்துக் கம்பைலர் வாயே திறக்காது.

உங்கள் ஃபங்ஷனுக்கும் மூன்று புள்ளி வைக்கலாம், தடையில்லை. சிக்கல், வந்ததை அப்படியே பிரின்ட்எஃப்புக்குத் தள்ளிவிட நினைக்கும்போதுதான். புள்ளிகளைக் கைமாற்ற முடியாது. விஏ-லிஸ்ட் ஒன்றை அறிவித்து, விஏ-ஸ்டார்ட்டால் தொடங்கி, அதை விபிரின்ட்எஃப்பிடம் கொடுத்து, விஏ-எண்டால் முடியுங்கள். பெயரின் முன்னால் நிற்கும் அந்த 'வி' இந்த வேலைக்காகவே வந்தது.

எழுதும்போது ஒரு கவனம்: பயனர் தட்டச்சு செய்ததை பிரின்ட்எஃப்பின் முதல் ஆர்குமென்ட்டாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவர் ஒரு சதவீதக் குறியைச் சேர்த்து அனுப்பினால், உங்கள் நினைவகத்தில் இருப்பதை அவரே படிக்கத் தொடங்கிவிடுவார்.