மலைச் சாலைகளில் தடுப்பு அரண்கள்

2018 ஜூலை முதல் நாளன்று உத்தராகண்ட் மாநிலத்தின் பௌரி கட்வால் மாவட்டத்தில், தூமாகோட் அருகே பேருந்து ஒன்று சாலையை விட்டு விலகிப் பள்ளத்தாக்கில் உருண்டது. 48 பேர் மாண்டனர். 2024 நவம்பர் 4 அன்று அல்மோரா மாவட்டத்தின் மார்ச்சுலா அருகே ஏறத்தாழ இதே வகையான விபத்து நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமவெளியில் தடம் விலகும் வண்டி பெரும்பாலும் வயலிலோ வரப்பிலோ நின்றுவிடுகிறது. மலையில் ஓட்டுநரின் நொடிப்பொழுதுத் தவற்றைப் பொறுத்துக்கொள்ள நிலம் இல்லை. அந்த நிலத்தின் இடத்தை நிரப்புவதற்காக அமைக்கப்படுவதே தடுப்பு அரண்.

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. விபத்தே நிகழாமல் தடுப்பது ஒரு வழி. நிகழ்ந்த விபத்தின் கொடுமையைக் குறைப்பது மற்றொரு வழி. தடுப்பு அரண் இரண்டாவது வகையைச் சார்ந்தது.

அரணின் பணி வண்டியை மோதி நிறுத்துவது அன்று. அதன் திசையை மெல்லத் திருப்பிச் சாலையோடு இணைந்து செல்லச் செய்வதே ஆகும். ஐரோப்பியச் சோதனை முறை ஒன்றில் 1,500 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், 20 பாகைச் சாய்வில் அரணின் மீது செலுத்தப்படுகிறது. அந்தக் காரின் மொத்த இயக்க ஆற்றல் சுமார் 700 கிலோஜூல். ஆனால், அரணை நோக்கிக் குறுக்கே பாயும் பகுதி 82 கிலோஜூல் மட்டுமே. அதாவது எட்டில் ஒரு பங்கு. இவ்வளவைத் தாங்கினால் போதும். மீதமுள்ள ஆற்றல் வண்டியை முன்னோக்கி ஓடச் செய்து, பிரேக்கினால் தணியும். நெளிந்த இரும்புத் தகடும், அதனைத் தாங்கும் தூண்களும் வளைந்து கொடுப்பதன் காரணமும் இதுவே. வளைவதுதான் அவற்றின் வேலை.

இங்கேதான் திட்டமிடுவோர் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. அதே முறையின் மற்றொரு சோதனையில் 13,000 கிலோ எடையுள்ள பேருந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அதே சாய்வில் மோதுகிறது. வேகம் குறைவு, எனினும், தாங்க வேண்டிய ஆற்றல் 287 கிலோஜூலாக, மூன்றரை மடங்காக உயர்ந்துவிடுகிறது. காருக்கெனச் சோதிக்கப்பட்ட அரணைப் பேருந்து ஓடும் மலைப்பாதையில் நாட்டிவிட்டுப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகக் கணக்கெழுதுவது பொருந்தாது. இத்தனை கிலோமீட்டர் நீளத்திற்குத் தடுப்பு அமைக்கப்பட்டது என்ற புள்ளிவிவரம், எந்த வண்டியைத் தாங்கும் தடுப்பு என்பதைச் சொல்வதில்லை. (அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிய பேருந்துக்கு இந்தக் கணக்கும் போதாது.)

மண்ணின் பிடிமானம் இன்னொரு சிக்கல். தூண் வளைவதற்கு அதன் அடிப்பகுதியை மண் இறுகப் பற்றியிருக்க வேண்டும். அரணுக்குப் பின்னாலும் சிறிது நிலம் வேண்டும். மலைச் சாலையின் பள்ளத்தாக்குப் பக்கத்தில் தோள்பகுதி குறுகியது, மழையில் கரைவது. விளிம்பிலேயே நடப்பட்ட தூண் மண்ணோடு சரிந்துவிடும். அத்தகைய இடங்களில் கான்கிரீட் அடித்தளமோ, இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் சுவரோ தேவைப்படலாம். செலவு கூடும் என்பது உண்மையே. ஆயினும் பள்ளத்தின் ஆழம், வளைவின் கூர்மை, பேருந்துப் போக்குவரத்து ஆகியவற்றைக் கொண்டு சில இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கு வலுவாக அமைப்பது, நீளம் முழுவதும் மெலிந்த அரணைப் பரப்புவதைவிடச் சிக்கனமானது. பழைய மலைப்பாதைகளில் இடைவெளிவிட்டுக் கட்டி வெள்ளையடிக்கப்பட்ட கற்கட்டைகள் விளிம்பைக் காட்டுவனவே தவிர, கனத்த வண்டியைத் தாங்குவன அல்ல.

அரணும் ஓர் இடையூறே என்பதை மறத்தலாகாது. சரிவு மென்மையாக உள்ள இடத்தில் அதனை அமைத்தால், இல்லாத ஆபத்து உண்டாக்கப்படுகிறது. தகட்டின் முனை மொட்டையாக விடப்பட்டால் அது காரை ஈட்டிபோல் துளைத்துச் செல்லும். முனையை மண்சரிவுக்குள் புதைத்தோ, மோதலைத் தாங்கும் முனையமைப்பைப் பொருத்தியோ முடிக்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-இல் வெளியிட்ட 119-ஆம் எண் வழிகாட்டு நெறிகள் தடுப்பு அரண்களுக்கென்றே உள்ளவை.

2023-இல் மகாராஷ்டிரத்தின் வணி–வரோரா நெடுஞ்சாலையில் 200 மீட்டர் நீளத்திற்கு மூங்கில் அரண் அமைக்கப்பட்டது. மூங்கில் விளைவிப்போருக்கு இது புதிய சந்தையாகலாம். மலைச் சாலையின் பேருந்துக்கு இது விடையாகுமா என்பது வேறு கேள்வி.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, வகுக்கப்பட்ட தரத்தின்படி சாலையை வடிவமைக்கவோ, கட்டவோ, பராமரிக்கவோ தவறியதால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இதில் பராமரிப்பு என்ற சொல் கவனத்திற்குரியது. அரண் அமைக்க மூலதனச் செலவில் நிதி கிடைக்கிறது. வளைந்த தகட்டை மாற்றப் பராமரிப்புத் தலைப்பில் பணம் இருப்பது அரிது. அதைவிட நுட்பமான குறை ஒன்றுண்டு. சாலையின் மேல் மீண்டும் மீண்டும் தார்க்கலவை அடுக்கப்படும்போது தரை உயர்கிறது, அரண் தாழ்கிறது. தாழ்ந்த அரணில் மோதும் வண்டி திரும்புவதற்குப் பதில் அதன்மேல் ஏறித் தாண்டிவிடக்கூடும். ஆய்வுக்குச் செல்லும் பொறியாளர் ஓர் அளவுநாடாவைக் கொண்டே இதனைக் கண்டறிய இயலும்.