பட்டாசு வேலைக்கு ஏற்ற மேலாடை: முதல் பாடம்

தையல் பழகும் சகோதரிகளே! சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளுக்குச் செல்லும் நம் வீட்டாருக்கு மேலாடை தைக்கும் முன் துணியை அறிவோம். பாலியஸ்டர் உராய்ந்தால் நிலைமின்சாரம் சேரும்; அதன் சிறு பொறியே மருந்தைப் பற்றவைக்கலாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே துணியும் தையல்நூலும் முழுப் பருத்தியாகவே எடுப்போம், முக்காடும் அப்படியே.

ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். காகித வாடையுடன் சாம்பலானால் பருத்தி; உருகி மணியாக இறுகினால் பாலியஸ்டர் கலந்தது.

பருத்தி சுருங்கும், நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். பையும் வெளிமடிப்பும் வேண்டாம், மருந்துத்தூள் தங்கும். உலோகப் பொத்தான், ஜிப்புக்குப் பதிலாக, இழுத்தவுடன் அவிழும் துணிநாடா வையுங்கள்.

பருத்தியும் எரியும் என்பதை மறக்க வேண்டாம். வேலை உடையோடு யாரும் அடுப்படிக்கு வரக் கூடாது. அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!