போன் 84 சொன்னது, மீட்டர் 97 சொன்னது

என் பெரியப்பாவுக்கு நான் ஒரு தப்பான பதில் சொல்லிட்டேன். அதைத் திருத்தப் போய்தான் இவ்வளவும் படிச்சேன்.

குமாரபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிப் பட்டறையில் முப்பது வருஷமா தறி ஓட்டுகிறவர் அவர். மூணாவது செமஸ்டர் லீவில் பட்டறைக்குப் போனப்போ, போனில் ஒரு இலவச ஆப் இறக்கி சத்தத்தை அளந்தேன். 84 டெசிபல் காட்டுச்சு. நெட்டில் தேடினால் 90 வரைக்கும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம்னு ஒரு அட்டவணை. "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு பெரியப்பா, பயப்பட ஒண்ணும் இல்ல"ன்னு பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன். "என்ன கண்ணு சொன்ன?"ன்னு ரெண்டு தடவை திருப்பிக் கேட்டார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்காக, எச்ஓடி கையெழுத்து வாங்கி, லேபில் இருந்த கிளாஸ் 2 ஒலிமட்ட மீட்டரை எடுத்துட்டுப் போனேன். அதே பட்டறை, அதே பதினாறு தறி, அதே இடம். மீட்டர் காட்டினது 97.

13தானே வித்தியாசம், பெருசா என்னன்னு தோணும். டெசிபல் நம்மளை ஏமாத்துற இடமே இதுதான். 13 டெசிபல்னா ஒலி ஆற்றலில் 20 மடங்கு வித்தியாசம்.

ஏன்? ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் சின்ன ஏற்ற இறக்கம். நம்மைச் சுத்தி இருக்கிற காற்றழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். இளம் வயசுக் காது கேட்கக்கூடிய மிகச் சின்ன ஒலியில் அந்த அழுத்தம் ஆடுவது வெறும் 20 மைக்ரோபாஸ்கல். காது வலிக்கிற அளவுக்குப் போனால் கிட்டத்தட்ட 20 பாஸ்கல். அடிக்கும் முடிக்கும் பத்து லட்சம் மடங்கு இடைவெளி. இதை நேர் அளவுகோலில் எழுத முடியாது. அதனால லாகரிதம். தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு சிக்னல் இழக்குதுன்னு கணக்குப் போட 1920களில் அமெரிக்கத் தொலைபேசி இன்ஜினியர்கள் கொண்டுவந்த அலகு இது. கிரகாம் பெல் பேரை வச்சு 'பெல்' ஆச்சு, அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபல்.

சூத்திரம்: அழுத்தத்தை 20 மைக்ரோபாஸ்கலால் வகுத்து, லாக் எடுத்து, 20-ஆல் பெருக்கணும். ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், அந்த வர்க்கத்தின் 2 வெளியே வந்துதான் 10, 20 ஆகுது. வைவாவில் இதை நிச்சயம் கேட்பாங்க. 1 பாஸ்கலைப் போட்டுப் பாருங்க: 50,000-க்கு லாக் 4.7, 20-ஆல் பெருக்கினா 94. மீட்டரோட வர்ற கேலிபிரேட்டரில் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ்னு எழுதியிருப்பது இதனால்தான். அளக்கும் முன்னும் பின்னும் மைக்கை அதில் செருகி 94 வருதான்னு பார்க்கணும். வரலைன்னா அன்னிக்கு எடுத்த அளவு எதுவும் செல்லாது. பட்டறையின் 97 டெசிபல் சுமார் 1.4 பாஸ்கல். காற்றழுத்தத்தில் எழுபதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னது ஒரு மனுஷனின் காதைத் தின்னுடுது.

போன் ஏன் 84-லேயே நின்னுச்சு? போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் ஏறினா அதுவே உள்ளுக்குள்ள அளவைக் குறைச்சுக்கும். பின்னணி இரைச்சலை அமுக்கிப் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கிற மென்பொருளும் பல போன்களில் உண்டு. தறிச் சத்தம் அதன் பார்வையில் துடைத்தெறிய வேண்டிய குப்பை. நான் அளக்க நினைச்சதையே அது அழிச்சுக்கிட்டு இருந்திருக்கு! ஒரு போனில் நிஜ மீட்டரை வச்சு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தா ஆப்பை ஓரளவு நம்பலாம். இல்லைன்னா 'நேத்தைவிட இன்னிக்கு அதிகமா' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீங்க.

அடுத்து நான் செஞ்ச தப்பு கூட்டல் கணக்கு. பதினாறு தறியில் பாதியை நிறுத்தினா சத்தம் பாதியாகும், 97 போய் 48 ஆகும்னு மனசு சொல்லுது. நிஜத்தில் எட்டுத் தறியை நிறுத்தினா 94 ஆகும். ஆற்றல் பாதியானா 3 டெசிபல் குறையும், அவ்வளவுதான். இன்னும் பாதி, நாலு தறி, 91. ஒரே தறி மட்டும் ஓடினா 85. எல்லாத் தறியும் சமமா சத்தம் போடுதுன்னு வச்ச தோராயம் இது. நிஜத்தில் பக்கத்துத் தறி கூடுதலாகவும் மூலையில் இருக்கிறது கம்மியாகவும் பங்கு கொடுக்கும். இன்னொரு சிக்கல், 3 டெசிபல் குறைஞ்சது காதுக்கு லேசாத்தான் தெரியும். பாதி சத்தமாச்சுன்னு உணர சுமார் 10 டெசிபல் இறங்கணும்.

தள்ளி நின்னா குறையாதா? திறந்த வெளியில், சின்ன மூலம்னா, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் இறங்கும். பட்டறைக்குள் அது எடுபடாது. சிமென்ட் தரை, செங்கல் சுவர், மேலே ஷீட் கூரை, எல்லாமே திருப்பி அனுப்பும். நான் தறியிலிருந்து 1 மீட்டரில் ஆரம்பிச்சு கதவு வரைக்கும் நடந்து பார்த்தேன். முதல் ரெண்டு மூணு மீட்டருக்கு அப்புறம் முள் அசையவே இல்லை. எதிரொலிப்புப் புலம்னு புத்தகத்தில் படிச்சது அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மீட்டரில் 'ஏ', 'சி'ன்னு ரெண்டு எழுத்து இருக்கும். நம்ம காது எல்லா அதிர்வெண்ணையும் ஒண்ணா மதிக்காது. 1933-ல் பிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகளை ஒட்டி வந்தது ஏ-எடையிடல். 1000 ஹெர்ட்ஸில் கழிவு எதுவும் இல்லை. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழிக்கும், 50 ஹெர்ட்ஸில் 30. ஹாஸ்டல் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறவங்க இதைக் கவனிங்க. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உள்ளிருக்கும் இரும்புக்கரு ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை விறைச்சுத் தளரும், அதனால 'உம்ம்'னு வர்றது 100 ஹெர்ட்ஸ். ஏ-எடையில் அது ரொம்பக் கம்மியாத் தெரியும், தூக்கம் மட்டும் வராது. சி-எடையிலும் அளந்து ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. வித்தியாசம் பெருசுன்னா பிரச்சினை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கு.

சத்தம் ஏறி இறங்கினா என்ன எண்ணை எழுதுவது? சராசரின்னு உடனே கூட்டி வகுக்காதீங்க. ஒரு மணி நேரத்தில் 1 நிமிஷம் 100 டெசிபல், மிச்ச 59 நிமிஷம் 60 டெசிபல்னு வச்சுக்கோங்க. கூட்டி வகுத்தா 60.7 வரும். ஆற்றலைச் சராசரி எடுத்து மறுபடி டெசிபலாக்கினா 82. அந்த ஒரு நிமிஷம்தான் மொத்தக் கணக்கையும் ஆட்டிப்படைக்குது. இதுக்குப் பேர் சமான ஒலிமட்டம். நம்ம நாட்டின் 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று சொல்வதும் இந்தச் சராசரியைத்தான். ஒரு கணம் 70 காட்டியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவச்சு விதிமீறல்னு வாதாட முடியாது.

இப்போ பெரியப்பாவுக்குச் சொன்ன பதிலுக்கு வருவோம். நம்ம தொழிற்சாலை விதிகளில் இருக்கும் அட்டவணை, 90-க்கு எட்டு மணி நேரம், 95-க்கு நாலு, 100-க்கு ரெண்டு என்று 5 டெசிபலுக்கு நேரத்தைப் பாதியாக்குது. அதன்படி 97-ல் மூணு மணி நேரம். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனப் பரிந்துரையோ 85-ல் ஆரம்பிச்சு 3 டெசிபலுக்குப் பாதியாக்குது: 88-க்கு நாலு மணி, 91-க்கு ரெண்டு, 94-க்கு ஒண்ணு, 97-க்கு அரை மணி நேரம். அவர் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். ஒரு கணக்கில் நாலு மடங்கு, இன்னொன்றில் இருபத்துநாலு மடங்கு. 5 டெசிபல் கணக்கு, நடுநடுவே ஓய்வு கிடைச்சுக் காது தேறிக்கும்னு நம்புது. பதினாறு தறியும் ஓயாத பட்டறையில் அந்த ஓய்வு எங்கே இருக்கு? எனக்கு 3 டெசிபல் கணக்குதான் நேர்மையாப் படுது, ஆற்றல் பாதின்னா நேரம் இரட்டிப்பு, அவ்வளவுதான்.

காதுக்குள் இருக்கும் நத்தை எலும்பில் சுமார் 3,500 உள்மயிர் செல்களும் 12,000 வெளிமயிர் செல்களும் இருக்கு. மனுஷனுக்கு அவை செத்தா திரும்ப முளைக்காது. இரைச்சலால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போய் எடுத்த ஆடியோகிராமில் அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கு, மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டும் நுட்பம் மேல இருக்கு. அதனால சத்தம் கேட்கும், சொல் பிரியாது. 'பத்து'ன்னா 'பட்டு'ம்பார், 'காசு'ன்னா 'காது'ம்பார். "கேக்குது கண்ணு, வெளங்கத்தான் மாட்டேங்குது"ன்னு அவர் சொல்றதை வீட்டில் எல்லாரும் கவனக்குறைவுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

அதிர்வைப் பத்தியும் சொல்லணும். பட்டறைக்கு ஒட்டின வீட்டில் ராத்திரி பாத்திரம் கிணுகிணுங்குது, தறிக்குக் கீழே ரப்பர் போட்டா போகுமான்னு ஓனர் கேட்டார். தறி நிமிஷத்துக்கு 150 தடவை நாடாவை அடிக்குதுன்னா வினாடிக்கு 2.5 அடி, அதாவது 2.5 ஹெர்ட்ஸ். இது காதுக்கே எட்டாது, காலுக்குத்தான் தெரியும். ஒரு மீள்தாங்கி அதிர்வைக் குறைக்கணும்னா அதன் இயல்பு அதிர்வெண், வரும் அதிர்வெண்ணை ரூட் 2-ஆல் வகுத்தால் கிடைப்பதைவிடக் கீழே இருக்கணும். இங்கே அது 1.77 ஹெர்ட்ஸ். இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, தறியின் எடையில் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதோ அதன் வர்க்கமூலத்தால் 15.76-ஐ வகுத்தால் போதும். 1.77 வரணும்னா 79 மில்லிமீட்டர் அமுங்கணும். கிட்டத்தட்ட எட்டு சென்டிமீட்டர்! அதுக்கு மேல தறியை நிறுத்தினா துணி நெய்ய முடியாது, தொட்டில்தான் ஆட்டலாம். ஆனா ஒவ்வொரு அடியும் ஒரு மோதல், மோதலில் உயர்ந்த அதிர்வெண்களும் கலந்திருக்கும். சில மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர் அவற்றைப் பிடிச்சு நிறுத்தும். ஆக, பாத்திரம் கிணுகிணுப்பது குறையலாம், தரை ஆட்டம் அப்படியேதான் இருக்கும். ஓனருக்கு இப்படித்தான் பதில் சொன்னேன்.

முடுக்கமானியைத் தறி மோட்டாரில் காந்தத்தால் ஒட்டி, ஐஎஸ்ஓ 10816 அட்டவணையில் சின்ன மெஷினுக்கான 1.8, 4.5 மில்லிமீட்டர்/வினாடி வரம்புகளோடு ஒப்பிட்டு, மோட்டார் போச்சுன்னு ரிப்போர்ட் எழுதினது தனிக்கதை. தறியோட ஆட்டமெல்லாம் மோட்டார் மேல ஏறி வந்திருக்கு. பெல்ட்டைக் கழட்டிட்டு அளந்திருக்கணும். கைடு சிவப்பு மையில் ஒரே கோடா அடிச்சார்.

கடைசியா, காதடைப்பான். பெரியப்பா கழிவுப் பஞ்சைச் சுருட்டி வைப்பார், அது பெயருக்குத்தான். நுரை அடைப்பான் பாக்கெட்டில் என்ஆர்ஆர் 29-னு போட்டிருக்கும். 97-ல் 29-ஐக் கழிச்சு 68-னு சந்தோஷப்படாதீங்க. ஏ-எடை அளவுக்கு 7-ஐக் கழிச்சு, மிச்சத்தைப் பாதியாக்கச் சொல்றாங்க, ஏன்னா லேபில் செருகுற மாதிரி யாரும் பட்டறையில் செருகுறதில்லை. கிடைப்பது 11. காதுக்குள் 86. நியோஷ் கணக்கில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பன்னிரண்டு மணி ஷிப்ட்டுக்கு அதுவும் பத்தாது. நடுவில் கழட்டினா இன்னும் மோசம்: ஷிப்ட்டில் பத்தில் ஒரு பங்கு, 1 மணி 12 நிமிஷம் கழட்டி வச்சா, எவ்வளவு உசத்தியான அடைப்பானா இருந்தாலும் மொத்தப் பலன் 10 டெசிபலைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு ஆற்றல் எப்படியும் உள்ள போயிடுச்சே.

"அடைச்சுக்கிட்டா பாவு இழை அறுந்த சத்தம் எப்படிடா தெரியும்?"னு கேட்டார் பெரியப்பா. நியாயமான கேள்வி. அடைப்பான் தறிச் சத்தத்தையும் இழை அறுகிற சத்தத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைக்கும், ரெண்டுக்கும் உள்ள விகிதம் பெருசா மாறாது. நல்ல காது உள்ளவங்க பழகிட்டா கண்டுபிடிச்சிடுவாங்க. ஏற்கெனவே 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்த காதுக்கு அது கஷ்டம்தான். இதை அவர்கிட்ட மறைக்காம சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பாக்கெட்டை வாங்கி, போன மாசம் வேலைக்குச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டார். அவனுக்கு வயசு இருபது. அடைப்பானை உருட்டி, காது மடலை மேல இழுத்துச் செருகி, விரியுற வரைக்கும் விரலால் பிடிச்சுக்கிற முறையை அவனுக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்புறம் தனக்கும் ஒரு ஜோடி எடுத்து, தார் மாத்துற மேடை மேல வச்சுக்கிட்டார்.