'உக்கிராணக்காரன்': தமிழ் விவிலியத்தில் இறைப்பொறுப்பு குறித்த ஒரு சொல்லாய்வு

திறவுச்சொற்கள்: உக்கிராணம், விசாரணைக்காரன், படியளத்தல், உண்மை, ஒப்புரவு

மனிதன் தன்னிடம் உள்ளவற்றுக்கு உரிமையாளன் அல்லன். அவற்றைக் கடவுளின் சார்பில் பேணி, உரியவர்க்கு வழங்கி, இறுதியில் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்பது கிறித்தவ வாழ்வியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. புதிய ஏற்பாட்டில் இக்கருத்து 'ஒய்க்கோனொமொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைப் பற்றி வளர்ந்துள்ளது. 'ஒய்க்கோஸ்' என்பது வீடு. அதனோடு இணைந்த 'நெமெய்ன்' என்னும் வினை பங்கிடுதலையும் நிருவகித்தலையும் சுட்டும். செல்வர் வீட்டின் பொருளை ஆளும் இப்பணியாளன் பல வேளைகளில் அடிமையாகவே இருந்தான். அவனிடம் அதிகாரம் இருந்தது, உடைமை இருந்ததில்லை. இச்சொல்லுக்குத் தமிழ் விவிலியம் தந்த பெயர்கள் இக்கருத்தை எவ்வாறு வடித்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பவர் குழுவினரின் முயற்சியால் 1871-இல் வெளிவந்து, 'பழைய திருப்புதல்' என்று இன்றும் வழங்கும் மொழிபெயர்ப்பு, லூக்கா 16, 1 கொரிந்தியர் 4, தீத்து 1, 1 பேதுரு 4 ஆகிய இடங்களில் 'உக்கிராணக்காரன்' என்னும் சொல்லை ஆள்கிறது. உக்கிராணம் என்பது பண்டசாலை. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இச்சொல் சிறு வேறுபாடுகளுடன் வழங்குகிறது. கோயிலில் திருவமுதுக்கான அரிசியும் பருப்பும் அளந்து தரப்படும் இடம் உக்கிராணம். திருமண வீட்டில் சமையலுக்கு வேண்டியவற்றைச் சேமித்துவைத்து, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கும் அறையும் உக்கிராணமே. அதன் திறவுகோலை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர் என்பதை எவரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பூட்டியே வைத்திருந்தால் பந்தி நடவாது. கணக்கின்றித் திறந்துவிட்டால் அடுத்த பந்திக்கு இராது. கிரேக்கச் சொல்லில் 'வீடு' நிற்கும் இடத்தில் தமிழ்ச் சொல்லில் 'பண்டசாலை' நிற்கிறது. நேர்ப்பொருள் சற்று விலகினும் பணியின் இயல்பு கூர்மை பெற்றிருக்கிறது.

இவ்வியல்பை 1 பேதுரு 4:10 நன்கு காட்டுகிறது. பற்பல வகைப்பட்ட இறையருளின் நல்ல 'ஒய்க்கோனொமொஸ்'களைப் போல என்பதே மூலத்தின் அமைப்பு. பழைய திருப்புதலோ அங்கு 'பகிர்ந்துகொடுக்கும்' என்னும் எச்சத்தைச் சேர்த்துள்ளது. மூலத்தில் தனிச்சொல்லாக இல்லாத இவ்வினை, உக்கிராணம் என்னும் சொல் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வருவித்த விளக்கம் எனலாம். வழங்குதலே அப்பணியின் உயிர் என அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

ஆயினும் அத்திருப்புதல் சீராக ஒரே சொல்லை ஆளவில்லை. லூக்கா 12:42-இல் அதே கிரேக்கச் சொல் 'விசாரணைக்காரன்' ஆகிறது. ஆதியாகமத்தில் போத்திபாரின் வீட்டை ஆண்ட யோசேப்புக்கு வழங்கப்பட்ட சொல் அது. பணியாளர்மேல் அதிகாரியாக வைக்கப்படுபவன் என்னும் சூழல் இத்தேர்வுக்குக் காரணமாகலாம். ஆனால் உரிய காலத்தில் 'படி' கொடுத்தல் அங்குதான் பேசப்படுகிறது. படி அளக்கும் இடம் உக்கிராணம் அன்றோ? இம்மாற்றத்தால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. லூக்கா 12-இல் உண்மையும் விவேகமும் உடையவனாகப் போற்றப்படுபவனும், லூக்கா 16-இல் அநீதியுள்ளவன் எனப்பட்டும் மதிநுட்பத்துக்காக மெச்சப்படுபவனும் மூலத்தில் ஒரே பணிப்பெயரினர். இருவரது அறிவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களும் ஒரே அடியினவே. தமிழிலோ முன்னது 'விவேகம்', பின்னது 'புத்தி'. விவேகம் இருவர்க்கும் பொது, உண்மை ஒருவனுக்கே உரியது என்று லூக்கா வைத்த ஒப்புமை தமிழ் வாசகருக்குப் புலப்படாது போயிற்று.

மற்றோர் ஒப்புமை தப்பியது. இளைய குமாரன் தன் பங்கைச் சிதறடித்ததற்கும் (15:13) உக்கிராணக்காரன் எஜமானின் பொருளைச் சிதறடித்ததாகச் சாட்டப்பட்டதற்கும் (16:1) மூலம் ஒரே வினையை ஆள்கிறது. பழைய திருப்புதல் இரண்டையும் 'அழித்துப்போடுதல்' என்றே பெயர்த்தது. தன் பொருளென எண்ணியவனும் பிறர் பொருளென அறிந்தவனும் ஒரே குற்றத்தில் நிற்கின்றனர்.

அழித்தலுக்கு எதிர்நிலை சேமித்தல் எனக் கொள்வது எளிது. லூக்கா அதனை ஏற்பதில்லை. விசாரணைக்காரன் பேசப்படும் 12-ஆம் அதிகாரத்திலேயே, அவனுக்கு முன்னதாக, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வன் வருகிறான். அவன் எதையும் வீணாக்கவில்லை. மத்தேயு 25-இல் தாலந்தை நிலத்தில் புதைத்தவனும் ஒரு காசையும் இழக்கவில்லை; ஆயினும் கடிந்துகொள்ளப்படுகிறான். யோசேப்பு களஞ்சியங்களை நிரப்பினான். பஞ்சம் வந்தபோது திறந்தான். களஞ்சியத்தை உக்கிராணமாக்குவது அத்திறப்பே.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்னும் சொல்லை லூக்கா 12, 16 ஆகிய இரண்டிலும் ஆள்கிறது. இதனால் இழந்த ஒப்புமை மீண்டது. 'படியளத்தல்' என்னும் தூய வழக்கும் 12:42-இல் இடம்பெற்றது. உயிர்களுக்குப் படியளப்பவன் இறைவன் என்னும் தமிழ் மக்கள் வழக்கை அறிந்தவர்க்கு, இப்பணியாளன் இறைவனின் செயலையே அவன் சார்பில் செய்கிறான் என்பது ஒரு சொல்லில் விளங்கும். ஆயின் 'பொறுப்பாளர்' இன்று அலுவலகச் சொல். அதில் தானியத்தின் மணம் இல்லை. 'உண்மையுள்ளவன்' என்பது 'நம்பிக்கைக்கு உரியவர்' ஆனதும் கருதத்தக்கது. முன்னது ஆளின் தன்மையைச் சொல்கிறது. பின்னது ஒப்படைத்தவருடன் கொண்ட உறவைச் சொல்கிறது. 'பிஸ்தொஸ்' என்னும் மூலச்சொல்லுக்குப் பின்னதே அணுக்கமானது.

செல்வம் பிறர்க்குப் பயன்படுதலைக் குறள் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தில் ஊருணிக்கும் பயன்மரத்திற்கும் ஒப்பிடுகிறது. வழங்குதலை இயல்பாகக் காண்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வேறுபாடு கணக்கில் உள்ளது: ஊருணியிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. உக்கிராணக்காரனுக்கோ கொடுப்பவன், பெறுபவன் என்னும் இருவர்க்கு அப்பால் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். ஆகவே அவன் கொடுப்பது கொடையன்று, கடமை. நன்றியை அவன் தனக்கெனப் பெறவியலாது. (ஒப்புரவு என்னும் சொல்லையே பழைய திருப்புதல் கடவுளோடு மனிதர் மீண்டும் இணைதலுக்கு ஆண்டது தனி ஆய்வுக்குரியது.)

சீர்திருத்தச் சபை வழக்கில் 'த்துவம்' என்னும் வடமொழி விகுதி பெற்று 'உக்கிராணத்துவம்' பிறந்தது. காணிக்கை, தசமபாகம் ஆகியவற்றையொட்டியே அச்சொல் மிகுதியும் கேட்கப்படுகிறது. இதனால் உக்கிராணத்தை நிரப்புவது மட்டும் பேசப்பட்டு, அங்கிருந்து அளந்து கொடுப்பது பின்தள்ளப்படுகிறது. பவுல் தன்னை உக்கிராணக்காரன் என்றழைத்தது பணம் குறித்து அன்று, இறைமறைபொருள் குறித்தே. பேதுருவின் மடலும் பேசுதலையும் பணிசெய்தலையுமே எடுத்துக்காட்டாக அடுத்து வைக்கிறது. கற்றவர் கல்வியையும், ஓய்வுடையார் காலத்தையும் எவ்வாறு படியளக்கின்றனர் என்னும் வினா அம்மடலின் வினாவே.