பலேர்மோவில் சில மாதம் தங்க: மாதம், தெரு, வீடு

வெளிநாட்டில் இரண்டு மூன்று மாதம் தங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு வாடகையைப் பார்த்து மலைக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சலிக்கிறார்கள். எந்த மாதம், எந்தத் தெரு என்ற இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் செலவும் கூட்டமும் சேர்ந்தே குறையும் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் செய்துபார்க்க ஐரோப்பாவில் நல்ல ஊர், சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோ.

சிசிலி என்றதும் பயண நிறுவனங்கள் காட்டுவது தாவோர்மீனாவையும் செஃபலூவையும்தான். இரண்டும் அழகானவை, இரண்டும் சிறியவை. கோடையில் அங்கே உள்ளூர்க்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பலேர்மோ அப்படியல்ல. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தங்கள் பாட்டுக்கு வாழும் நகரம் அது. பயணிகள் மொய்ப்பது அதன் நடுவிலுள்ள சில தெருக்களை மட்டுமே. மிலானில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே சிறிய வீடே கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: 1980களிலிருந்தே இலங்கைத் தமிழர்கள் இங்கே குடியேறி வருகிறார்கள். போரிலிருந்து தப்பி வந்து, வீட்டுவேலை செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நகரத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டவர்கள். முன்பின் தெரியாத ஊரில் தமிழில் ஒரு கேள்வி கேட்க முடிவது எவ்வளவு பெரிய பலம் என்பது தனியாகப் போய் இறங்கியவர்களுக்குப் புரியும்.

முதலில் மாதம்

ஜூலையும் ஆகஸ்டும் வேண்டவே வேண்டாம். விமானக் கட்டணம், வாடகை, வெயில் மூன்றும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சகாராவிலிருந்து கடல் தாண்டி வரும் ஷிரோக்கோ என்ற அனல்காற்று வீசினால் சென்னைக்காரர்களே திணறிப்போவார்கள். 2023 ஜூலையில் பலேர்மோவில் வெப்பம் 47 டிகிரியைத் தொட்டது. சுற்றியிருந்த குன்றுகளில் தீப்பிடித்து, விமான நிலையத்தையே சில மணி நேரம் மூட வேண்டியதாயிற்று. நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் பெருவிழா ஜூலை 14 இரவு நடக்கிறது. 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்ற நம்பிக்கையில் நானூறு ஆண்டாக நடக்கும் விழா. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு குறும்பயணம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தங்கலுக்கு இரண்டு பருவங்கள் தோது. ஒன்று, அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை. அக்டோபரில் கடல் இன்னும் குளிக்கும் சூட்டில் இருக்கும். மற்றொன்று, பிப்ரவரி பின்பாதி முதல் மே வரை. ஈஸ்டர் வாரத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் மலிவுதான். வெளியே பனி கொட்டாது. ஆனால் வீட்டுக்குள் குளிரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

விசாவும் நாள் கணக்கும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசாவில் கிடைப்பது எந்த 180 நாளிலும் 90 நாள். இதைப் பலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சரியான முறை இதுதான்: நீங்கள் அங்கே இருக்கும் எந்த நாளிலிருந்தும் பின்னோக்கி 180 நாள் எண்ணுங்கள். அதற்குள் ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 90 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். லண்டனிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வரும் தமிழர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் இதே 90 நாள் விதி உண்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. நாள் கணக்கை இனி கணினியே வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கையிருப்பு வைத்துத் திட்டமிடுங்கள்.

அதற்கு மேல் தங்க வேண்டுமானால் இத்தாலியின் நீண்டகால விசா வேண்டும். ஓய்வூதியம், வாடகை, வட்டி போன்ற உழைக்காமல் வரும் வருமானம் ஆண்டுக்கு 31,000 யூரோவுக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு ஒரு வகை. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை, வீட்டிலிருந்தே இந்திய நிறுவனத்துக்கு வேலை பார்ப்பதும் கூடாது. அப்படி வேலை பார்ப்பவர்களுக்கென்று 2024இல் தனி விசா வந்தது. உயர்தகுதி, ஆறு மாத முன் அனுபவம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, ஏறத்தாழ 25,000 யூரோவுக்குக் குறையாத ஆண்டு வருமானம் எல்லாம் கேட்பார்கள். இந்த விசாக்களில் வந்தால், இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஓர் ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் இத்தாலியில் வரி செலுத்த வேண்டியவராகிவிடலாம். ஆடிட்டரிடம் கேட்காமல் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். ஓய்வூதியர்களுக்கு 7 சதவீத வரிதான் என்று விளம்பரங்களில் வருவது தெற்கு இத்தாலியின் சிறிய ஊர்களுக்கான சலுகை. பலேர்மோ போன்ற பெருநகரம் அதில் சேராது.

எந்தத் தெரு

குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்திதான் பழைய நகரத்தின் நடுப்புள்ளி. அங்கே நின்றால் நான்கு மூலையிலும் பழைய நான்கு பேட்டைகள் விரியும். வியா மகேதா என்ற நடைத்தெரு, வுச்சிரியா சந்தை, பேராலயத்தைச் சுற்றிய பகுதி ஆகியவைதான் பயணிகள் மொய்க்கும் இடங்கள். பகலில் பார்த்தால் வுச்சிரியா அழகான பழைய சதுக்கம். இரவு பதினொன்றுக்கு மேல் அங்கே ஜன்னலைச் சாத்தினாலும் தூங்க முடியாது. பல்லரோ சந்தையை ஒட்டிய சில சந்துகளும் அப்படித்தான். அங்கே போய்ச் சாப்பிடுங்கள், வாடகைக்கு எடுக்காதீர்கள்.

நான் முதலில் சொல்வது சீசா. நார்மன் மன்னர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோடைமாளிகையைச் சுற்றி வளர்ந்த பேட்டை. பழைய மரச்சாமான் தொழிற்சாலை ஒன்று அங்கே கலைக்கூடங்களாகவும் திரையரங்காகவும் மாறியிருக்கிறது. அதை அடுத்த நோச்சேயும் குடும்பங்கள் வாழும் பகுதி. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் நோத்தார்பார்தோலோ ரயில் நிலையத்தின் அக்கம்பக்கம் பாருங்கள். லிஃப்ட் உள்ள அடுக்குமாடிகள் அங்கேதான் அதிகம். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபால்கோனே–போர்செல்லீனோ விமான நிலையத்துக்கும் அங்கிருந்தே நேர் ரயில் உண்டு. கடல் வேண்டுமென்றால் பெல்லெக்ரீனோ மலையடிவாரத்து மீனவப் பகுதிகளான அரெனெல்லா, வெர்ஜினே மரியா. மொந்தெல்லோ கடற்கரை கோடையில் திருவிழா. குளிர்காலத்தில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். இந்த ஊரில் பேருந்து நேரத்தை நம்பி எதையும் திட்டமிட முடியாது. ஆகவே ரயில் நிலையத்துக்கோ சந்தைக்கோ நடந்து போகும் தூரம் என்பதைக் கட்டாய நிபந்தனையாக வையுங்கள்.

பழுதடைந்த கிராமத்து வீட்டை ஒரு யூரோவுக்கு விற்கிறார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டுச் சிலர் கிளம்புகிறார்கள். சம்பூக்கா, முசொமேலி போன்ற ஊர்களில் அது உண்மையாகவே நடந்தது. ஆனால் குறித்த காலத்துக்குள் பழுதுபார்க்கும் கடமையும் வைப்புத்தொகையும் சேர்ந்தே வரும். சில மாதம் தங்குகிறவருக்கு அது பொருந்தாது.

வீடு பார்ப்பது

ஊரிலிருந்தபடியே மூன்று மாதத்துக்கும் வீட்டைப் பிடித்துவிடாதீர்கள். விசாவுக்குத் தங்குமிடச் சான்று தேவைப்படும். அதற்கு ரத்து செய்யக்கூடிய முன்பதிவு வைத்துக்கொண்டு, முதல் பத்துப் பதினைந்து நாளுக்கு மட்டும் பணம் கட்டி ஓர் அறை எடுங்கள். சுற்றுலாத் தங்கலுக்கு விடப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் 2025 முதல் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அது இருக்கிறதா பாருங்கள். பிறகு பிடித்த பேட்டையில் நடங்கள். கதவுகளில் "அஃபித்தாசி" என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தால் வாடகைக்கு விடுகிறார்கள் என்று பொருள். இம்மொபிலியாரே, இதேயலிஸ்தா, சுபித்தோ ஆகிய தளங்களிலும் தேடுங்கள். நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பால்கனிக் காட்சியில் மயங்காமல் குழாயைத் திறங்கள். சிசிலியில் தண்ணீர்ப் பஞ்சம் புதிதல்ல. 2024இல் கடும் வறட்சி வந்து, அந்த இலையுதிர் காலத்தில் பலேர்மோவிலேயே பேட்டைவாரியாக முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். நம் ஊர் போலவே அங்கும் மொட்டைமாடியில் தொட்டி, கீழே மோட்டார். தொட்டி எத்தனை லிட்டர், இந்த வீட்டுக்கு மட்டுமா, மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுவது என்று கேளுங்கள். ஷவரை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சுடுநீர் வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட்தான். ஏசி ஓடும்போது வாஷிங் மெஷினையும் மின்அடுப்பையும் சேர்த்துப் போட்டால் இணைப்பு பட்டென்று விழும். பல கட்டடங்களில் மீட்டர் தரைத்தளத்தில் இருக்கும். ஐந்தாம் மாடியிலிருந்து இருட்டில் இறங்கிப் போய் அதன் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும், லிஃப்ட் இல்லாவிட்டால் மறுபடி ஏற வேண்டும். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் மீட்டர் எங்கே என்று கேட்காமல் வீட்டை ஒப்புக்கொள்ள வேண்டாம். அடுப்பு குழாய்வழி எரிவாயுவா, சிலிண்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குளிர்மாதமானால் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். பழைய வீடுகள் வெயிலைத் தாங்கக் கட்டப்பட்டவை. உயரமான கூரை, கல் அல்லது ஓட்டுத் தரை. வெளியே 13 டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குளிர்வதுபோல் இருக்கும். மைய வெப்பமூட்டி இல்லாத வீடுகளே அதிகம். அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை தெரிந்தாலோ, தரைத்தள அறையில் ஈரவாடை அடித்தாலோ வேறு வீடு பாருங்கள். கடைசியாக, பிடித்துப்போன வீட்டின் தெருவுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒருமுறை போய் நின்று கேளுங்கள்.

ஒப்பந்தம்

எதற்கும் முன்னால் வரி அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள். வருவாய்த்துறை அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள், கடவுச்சீட்டு போதும். முப்பது நாளுக்குள் முடியும் வாடகைக்கு ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் முப்பது நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். சில மாதம் தங்குகிறவர்களுக்கென்றே தற்காலிக ஒப்பந்தம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது: ஒரு மாதத்திலிருந்து 18 மாதம் வரை, தங்குவதற்கான காரணத்தை எழுதிப் போடுவது. பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று உரிமையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். நாளை முன்பணம் திரும்ப வராவிட்டால் உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் தங்கினால் உரிமையாளர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்தாரா என்று கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சாப்பாடும் மனிதர்களும்

செலவு உண்மையில் குறைவது சமைப்பதில்தான். பல்லரோவுக்குக் காலையில் போங்கள், மதியத்துக்குப் பின் கடைகள் ஒவ்வொன்றாக மடங்கும். கோடையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுரைக்காய் அடுக்கியிருப்பார்கள், பக்கத்திலேயே அதன் கொழுந்தும் தளிர்க்கொடியும் கட்டுக்கட்டாக. நாம் கூட்டு வைக்கும் அந்தக் கொழுந்தைச் சிசிலிக்காரர்கள் தக்காளியும் உடைத்த நூடுல்ஸும் போட்டு ரசம் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். கத்தரிக்காய், கொண்டைக்கடலை, பூண்டு எதற்கும் பஞ்சமில்லை. சைவர்களுக்கு வெளிச்சாப்பாட்டில் கைகொடுப்பது பனெல்லே: கடலை மாவைக் கிண்டி, மெல்லிய துண்டுகளாக வெட்டி, எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ஸ்ஃபிஞ்சியோனே என்ற தடித்த ரொட்டியில் நெத்திலி கலந்திருக்கும், வாங்கும் முன் கேளுங்கள். அரிசி உருண்டைகளிலும் வெண்ணெய் வகை என்று சொல்வதில் பன்றி இறைச்சி இருக்கும்.

இலங்கைக் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். அந்தக் கடையில் நிற்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ, எந்தத் தெருவில் வீடு பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் எப்படி, இரவில் பயமில்லையா, வாடகை நியாயமா என்பதைப் பல ஆண்டு அங்கே வாழ்ந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அவர்கள் கடுமையாக உழைத்துப் பிழைப்பவர்கள், சொந்த நாட்டை இழந்து வந்தவர்கள். இலவச வழிகாட்டிகளாக அவர்களை நடத்தாதீர்கள்; வாங்க வேண்டியதை அவர்களிடம் வாங்குங்கள், ஓய்வு நேரத்தில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரீனோ மலைப்பாதையில் நடந்தால், பாறைக் குகைக்குள் இருக்கும் ரொசாலியா கோயிலுக்கு ஏறும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகின்றன. அங்கே பழக்கமாவது எளிது.

கொஞ்சம் இத்தாலி மொழியும் படியுங்கள். சந்தையிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம் அதிகம் செல்லாது. பலேர்மோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கென்றே மொழிப்பள்ளி இருக்கிறது. மருத்துவத்துக்கு, ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் காப்பீடு 30,000 யூரோவாவது ஈடுசெய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள். அவசரத்துக்கு எண் 112.

கிளம்பும்போது

சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் கீறல், கறை உட்படத் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணும் அதில் இருக்கட்டும். வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே உரிமையாளரை வரச் சொல்லி வீட்டைச் சுற்றிக்காட்டுங்கள்; ஏதாவது குறை சொன்னால் சரிசெய்ய அவகாசம் இருக்கும். விமானத்துக்குப் போகிற காலையில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரும் ஏற்பாடு வேண்டாம். முன்பணத்தை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்குத் திருப்பித் தருவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சாவியைக் கையில் கொடுங்கள்.