குடிப்பழக்கத்துக்கு உள்ளான தாயும் குழந்தை வளர்ப்பும்

ஒரு கிராமத்தின் செல்வத்தைக் கணக்கிடும்போது நன்செய், புன்செய், கிணறு, கால்நடை ஆகியவற்றை எண்ணுகிறோம். அக்கிராமத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு வளர்க்கப்படுகின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நிலத்தை உழப்போகிறவர்களும், பஞ்சாயத்தில் அமரப்போகிறவர்களும் அக்குழந்தைகளே அன்றோ? ஆதலின் அவர்கள் வளர்ப்பில் நேரும் ஓர் இடையூற்றைப் பற்றி, பேசக் கூசும் பொருளாயினும், இங்கு ஆராய்வோம். அது குடிப்பழக்கம் தாயைப் பற்றிக்கொள்ளும்போது சிறு குழந்தைக்கு நேரும் தீங்காகும்.

மதுவின் கேட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் கண்முன் நிற்பவர் குடிக்கும் தந்தையே. இது இயல்புதான். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர் மது அருந்துகின்றனர். பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகம். தமிழகத்தில் பெண்களின் விகிதம் இதனினும் குறைவு. ஆயினும் தொகை சிறியது என்பதால் துன்பமும் சிறியது என்று கொள்ளலாகாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்டபோது, மாண்டவருள் பெண்களும் இருந்தனர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே இழந்த குழந்தைகளும் இருந்தனர். குடிக்கும் ஆண் கடைத்தெருவில் குடிக்கிறான். குடிக்கும் பெண்ணோ வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறாள். அதனால் அவள் நோய் ஊருக்குத் தெரியவரும் முன்னரே குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

இது குற்றமா, நோயா?

நாள் முழுதும் நாற்று நட்டோ கல் உடைத்தோ வீடு திரும்பும் பெண், உடல்வலி தீர ஒரு வாய் குடிக்கத் தொடங்குகிறாள். சில வீடுகளில் அதை முதலில் கையில் கொடுப்பவன் கணவனே. வேறு சிலர் மகப்பேற்றுக்குப் பின் உண்டாகும் மனச்சோர்வினாலும், அடி உதையினாலும், இழவின் துயரத்தினாலும் இதனை நாடுகின்றனர். பெண்ணின் உடலில் நீரின் பங்கு ஆணின் உடலில் உள்ளதைவிடக் குறைவு. எனவே, ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மதுவின் செறிவு மிகுதியாகிறது. ஈரலுக்கும் பிற உறுப்புகளுக்கும் கேடு விரைவில் வருகிறது.

நாளடைவில், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, உறக்கம் வருவதில்லை. வேண்டாம் என்று மனம் விரும்பினாலும் உடல் விடுவதில்லை. இந்நிலையை மருத்துவ உலகம் நோய் என்றே வகுத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் வேண்டும் நோயாக ஏற்றது. “பிள்ளையிடம் பாசமிருந்தால் விட்டுவிட மாட்டாளா?” என்று கேட்பவர் இதனை உணர வேண்டும். இத்தாய்மாருக்குப் பாசம் இல்லாமலில்லை. அப்பாசத்தை நாள்தோறும், வேளைதோறும் செயலாக்கும் ஆற்றலையே மது பறித்துக்கொள்கிறது.

கருவிலும் பாலிலும்

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே கருவின் இரத்தத்தில் கலக்கிறது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் வலிமை கருவின் ஈரலுக்கு இல்லை. 1968-இல் பிரான்சு நாட்டில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கமுள்ள தாய்மாருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் கண்ட குறைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1973-இல் அமெரிக்காவில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகிய மருத்துவர்கள் இந்நிலைக்குப் பெயரிட்டு விளக்கினர். குறைந்த எடை, சிறுத்த தலை, கற்றலில் பின்னடைவு, ஓரிடத்தில் நிலைத்திராத இயல்பு ஆகியவை இவற்றுள் அடங்கும். இக்கேடு வாழ்நாள் முழுதும் நீடிப்பது. ஆனால் முற்றிலும் தடுக்கக்கூடியது. கருவுற்ற காலத்தில் இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை.

பிரசவித்த பெண் கள்ளோ பீரோ குடித்தால் பால் ஊறும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. இது தவறு. மது பால் சுரந்து இறங்குவதைத் தடை செய்கிறது. இரத்தத்தில் உள்ள அளவே ஏறத்தாழப் பாலிலும் கலக்கிறது. குழந்தை குறைவாகவே பால் குடிக்கிறது. போதையில் உறங்கும் தாயின் அருகே குழந்தையைக் கிடத்துவது மிகவும் அபாயகரமானது. மூச்சடைத்துக் குழந்தை இறந்துபோக அது காரணமாகலாம்.

முதல் ஆண்டுகளில் நேரும் இழப்பு

இரண்டு வயது நிறையும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அவ்வளர்ச்சிக்கு உணவு மட்டும் போதாது. குழந்தை அழுதால் ஒருவர் வர வேண்டும்; சிரித்தால் ஒருவர் சிரிக்க வேண்டும்; மழலை பேசினால் மறுமொழி வேண்டும். இவ்வாறு ஒரு நாளில் நூறு முறை நிகழும் கொடுக்கல் வாங்கலிலேதான் பேச்சும், அறிவும், பிறர்மீது நம்பிக்கையும் உருவாகின்றன.

1970-களில் எட்வர்டு டிரானிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஓர் எளிய சோதனை நடத்தினார். தாய் தன் கைக்குழந்தையுடன் சிறிது நேரம் கொஞ்சி விளையாட வேண்டும். பின்னர் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முகத்தில் எவ்வித அசைவுமின்றிக் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, குரல் கொடுத்தது. தாயின் முகம் மாறாமற்போகவே, அது கலங்கிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நலமுள்ள தாயின் முகம் சில நிமிடங்கள் அசையாமலிருந்ததற்கே குழந்தை இவ்வளவு வருந்துமாயின், போதையில் தாயின் முகம் நாள்தோறும் மணிக்கணக்கில் வெறித்திருக்கும் வீட்டில் அதன் நிலை யாது?

இதனினும் பெரிய துன்பம், தாயின் நிலை வேளைக்கு வேளை மாறுவதாகும். காலையில் வாரியணைத்த அதே கை மாலையில் அடிக்கிறது. நேற்றுச் சிரிப்பை வருவித்த குறும்பு இன்று கோபத்தை மூட்டுகிறது. மறுநாள் குற்ற உணர்ச்சியால் தாய் தின்பண்டம் வாங்கித் தந்து, கேட்டதற்கெல்லாம் இணங்குகிறாள். எது சரி, எது தவறு என்ற வரம்பு குழந்தைக்கு விளங்குவதில்லை. நாற்றங்காலில் ஒரு நாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாக நீர் பாய்ந்தால் நாற்று என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மொத்த நீரின் அளவு சரியாயிருப்பினும் பயிர் தேறாது. குழந்தைக்கும் அன்பின் அளவைப் போலவே அதன் ஒழுங்கும் வேண்டும்.

மூத்த பிள்ளையின் சுமை

இத்தகைய வீடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளை, பெரும்பாலும் பெண் குழந்தை, தாயின் இடத்தை ஏற்கிறது. தம்பிக்குச் சோறூட்டுவதும், தாயைக் கைத்தாங்கலாகப் படுக்க வைப்பதும், “அம்மாவுக்குக் காய்ச்சல்” என்று அண்டை வீட்டாரிடம் மறைத்துச் சொல்வதும் அதன் வேலையாகின்றன. ஊரார் அதைப் பொறுப்புள்ள பிள்ளை என்று புகழ்கின்றனர். அப்பிள்ளை பள்ளிக்கு எத்தனை நாள் வரவில்லை என்பதையும், யாரையும் விளையாட வீட்டுக்கு அழைப்பதில்லை என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. தாய் குடிப்பது தன் தவற்றினாலேதான் என்று எண்ணும் பிள்ளைகளும் உண்டு. “இது உன்னால் வந்ததன்று, உன் தாய்க்கு நோய், அதற்கு மருத்துவம் உண்டு” என்று நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் சொல்வது அப்பிள்ளைக்குப் பேருதவியாகும்.

மருத்துவம்

நோயை அறிய மருத்துவர்கள் கையாளும் எளிய வினாக்கள் நான்கு: குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? பிறர் அதைக் குறைகூறி எரிச்சலூட்டியதுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி அடைந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இவற்றில் இரண்டிற்கு ‘ஆம்’ என்ற விடை வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் தனிமையில், கனிவுடன் இவற்றைக் கேட்கலாம்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். முதலாவது, நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்யலாகாது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதன்பின் பிதற்றலும் மயக்கமும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவமனையில் தக்க மருந்தும் வைட்டமின் பி-1 ஊசியும் கொடுத்து நிறுத்துவதே முறை. இரண்டாவது, குடியை மறக்கடிக்கும் மருந்து எனச் சொல்லி விற்கப்படுவதை நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலத்தல் கூடாது. சில மருந்துகள் மதுவுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை வெகுவாகத் தாழ்த்தி இதயத்தைத் தாக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. போதைப்பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14446. குழந்தைக்கு ஆபத்து நேரும்போது அழைக்க வேண்டிய எண் 1098. சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஒரு முறை குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிடுதல் தகாது. நீரிழிவைப் போலவே இதுவும் நெடுங்காலம் கவனிக்க வேண்டிய நோய்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. குடிக்கும் பெண்ணை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி விசாரிப்பதும், அபராதம் விதிப்பதும் கூடாது. அவமானத்துக்கு அஞ்சும் பெண் மருத்துவமனைக்குப் போகமாட்டாள். மேலும் மறைவாகவே குடிப்பாள். பெண் உறுப்பினர் ஒருவரும் சுகாதாரச் செவிலியரும் அவளை வீட்டில் சந்தித்துப் பேசுதல் நலம்.

2. குழந்தைக்கு நாள்தோறும் குறித்த வேளையில் உணவும் துணையும் தர, மாறாத ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். பாட்டி, அத்தை, சித்தி என யாராயினும் ஒருவரே தொடர்ந்து செய்தல் சிறப்பு. நிலையான அன்புடைய ஒருவர் இருந்தாலே இத்தகைய குழந்தைகள் பெரிதும் தேறுவர்.

3. அக்குழந்தை அங்கன்வாடிக்கு நாள்தோறும் வருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். வராத நாளில் பணியாளர் வீட்டுக்குச் சென்று பார்த்தல் வேண்டும்.

4. தாய் போதையில் இருக்கும் இரவுகளில் கைக்குழந்தை வேறொரு பெரியவரின் பொறுப்பில் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும்.

5. கணவனும் குடிப்பவனாயின் அவனுக்கும் சிகிச்சை வேண்டும். வீட்டில் ஒருவர் புட்டியைத் திறக்க, மற்றவர் மட்டும் விலகி நிற்பது அரிது. அடி உதை உண்டாயின் அதனை நிறுத்துவது முதற்கடமை.

6. சிகிச்சைக்குச் செல்லும் நாட்களில் அவள் ஆடு மாடுகளையும், பயிரையும், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினரும் உறவினரும் முறை வகுத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குப் போகாமலிருக்கப் பல பெண்கள் கூறும் காரணம், “பிள்ளையை யாரிடம் விடுவேன்?” என்பதே.

7. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு, காகிதத்தில் மட்டும் இராமல் தவறாது கூட வேண்டும். குழந்தை பட்டினி கிடப்பதும், காயமுறுவதும், இரவில் தனித்து விடப்படுவதும் தொடருமாயின், மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தெரிவித்தல் கடமை. ஆயினும் தாயையும் குழந்தையையும் பிரிப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. தக்க தருணத்தில் ஒருவர் கதவைத் தட்டுவதும், ஒரு குழந்தைக்கு மாலை உணவு தவறாமல் கிடைக்கச் செய்வதும் எந்தக் கிராமத்துக்கும் இயலக்கூடியவையே. குழந்தை காத்திருக்க இயலாது. அதன் முதல் ஐந்து ஆண்டுகள் மீண்டும் வாரா. தாய்க்கோ எந்த வயதிலும் மருத்துவம் பயன் தரும். ஆதலின் தாய் நலம் பெறும்வரை குழந்தையைத் தாங்குவதும், குழந்தையைத் தாங்கிக்கொண்டே தாயை நலம்பெறச் செய்வதுமாகிய இரண்டையும் ஒருசேரச் செய்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் தெருவில் இத்தகைய வீடு உண்டா என்பதை இம்மாதமே அமைதியாக அறிந்து, ஆவன செய்வார்களாக.