விரைவும் சிக்கனமும்

உலகத்துப் பண்புகளுட் சில, மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு ஒன்றற்கொன்று பகைபோலத் தோன்றும்; ஆராய்ந்து காணுமிடத்தோ அவை ஒரு தாய் வயிற்றுப் பிறந்தனவாய் விளங்கும். விரைவும் சிக்கனமும் அத்தகையன. விரைந்தோடும் கார் பெட்ரோலை வாரி விழுங்கும் என்பதும், பெட்ரோலை அளவோடு உண்ணும் கார் மாட்டுவண்டி போல ஊர்ந்து செல்லும் என்பதும் பலர் கொண்டுள்ள எண்ணம். ஆதலின், கார் வாங்கப் புகும் இளைஞன் இவ்விரண்டனுள் ஒன்றைக் கைவிடுதல் வேண்டும் எனக் கருதி மயங்குகின்றான். அவன் உள்ளம் ஒன்றை நாடுகின்றது. பணப்பை மற்றொன்றைச் சுட்டுகின்றது. இரண்டையும் ஒரே வண்டியிற் பெறுதல் இயலுமா, இயலுமாயின் அதனைத் தெரிந்தெடுக்கும் நெறி யாது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பது யாது என வரையறுத்துக் கோடல் வேண்டும். மிகப் பெரிய வேகத்தை எட்டுவதே அதன் இலக்கணம் என்பர் சிலர். அது பொருந்தாது. மணிக்கு 200 கிலோமீட்டர் ஓடவல்ல காரை உடையவனும் அவ்வேகத்திற் செல்லத்தக்க சாலையைக் காண்டல் அரிது. சட்டமும் அதற்கு இடந்தராது. ஓட்டுவோன் குறிப்பறிந்து உடனே ஏவல் செய்தல், வளைவிலே தள்ளாடாது திரும்புதல், வேண்டிய இடத்திற் பிழையின்றி நிற்றல், நின்ற நிலையினின்று தயக்கமின்றி எழுதல் ஆகிய இந்நான்கும் உடைய வண்டியே அப்பெயர்க்கு உரியது. நல்ல குதிரைக்கும் இவையே இலக்கணம் அன்றோ? ஜப்பான் நாட்டு மாஸ்தா நிறுவனத்தார் தம் எம்.எக்ஸ்.-5 என்னும் வண்டியை 1989ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, குதிரையும் அதன்மேல் ஏறினவனும் ஓருடலாதல் என்னும் பொருள்படும் தம் நாட்டுச் சொற்றொடர் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டனர்.

இனி, பெட்ரோல் எவ்வழிகளிற் செலவாகின்றது என்பதை நோக்குவாம். எஞ்சினிலே பெரும்பகுதி வெப்பமாய்க் கழிகின்றது. சக்கரங்களை வந்தெய்தும் ஆற்றல் மூன்று பகைவரோடு பொருதற்குப் பயன்படுகின்றது. அவர்தாம் வண்டியின் எடை, எதிர்வரும் காற்று, டயர்களின் உருளுந்தடை என்போர்.

இவருள் முதல்வன் எடையே. சிறு கணக்கொன்றால் இதனை விளக்குதும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தை அடையுங்கால், அதன்கண் 2 இலட்சம் ஜூல் இயக்க ஆற்றல் சேர்கின்றது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 320 இலட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. அதனுள் நான்கிலொரு பங்கே சக்கரங்கட்குக் கிடைப்பதாகக் கொள்வோமாயின், அவ்வேகத்தைப் பெறுதற்கு 25 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். பிரேக்கை அழுத்தி நின்றவுடன் அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. நாற்பது முறை இவ்வாறு எழுந்து நின்றால் ஒரு லிட்டர் போயிற்று. வண்டியின் எடை 1,500 கிலோகிராமாயின் அதே நாற்பது முறைக்கு ஒன்றரை லிட்டர் செலவாகும். டயர்களின் உருளுந்தடையும் எடைக்கு ஏற்பவே மிகுதலால், எடை குறையின் மூன்றாம் பகைவனும் உடன் மெலிவான்.

மேலே கூறிய நான்கு இலக்கணங்களையும் இங்கே மீண்டும் நினைவு கூர்க. எடை குறைந்த வண்டியே சிறு எஞ்சினாலும் விரைந்து எழும். அதுவே வளைவில் எளிதிற் கட்டுப்படும். அதுவே குறைந்த தூரத்தில் நிற்கும். ஆகவே, எடைக் குறைவு விரைவுக்கும் தோழன், சிக்கனத்துக்கும் தோழன். இவ்வுண்மையே நம் ஆராய்ச்சியின் கருவாகும்.

வள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்திலே, மயிற்பீலியே யாயினும் அளவிறந்து ஏற்றப்படுமாயின் வண்டியின் அச்சு முறியும் என்று காட்டினார். இக்காலத்துக் காரின்கண் ஏற்றப்படும் வசதிகள் ஒவ்வொன்றும் பீலி போன்றனவே. கூரையிற் பதித்த கண்ணாடி, மின்விசையால் அசையும் இருக்கை, அழகிற்கென மாட்டிய பெருஞ்சக்கரம் என ஒவ்வொன்றாக நோக்கின் ஒன்றும் பளுவாகத் தோன்றாது. எல்லாம் சேர்ந்தவிடத்து வண்டி பருத்துவிடுகின்றது. இக்காலத்து அச்சு அதனால் முறிவதில்லை. முறிவது உடையவன் பணப்பையே.

இரண்டாம் பகைவனாகிய காற்றின் இயல்பு வேறு. வேகம் இருமடங்காயின் காற்றின் எதிர்ப்பு நான்மடங்காகும். அதனை வெல்லுதற்கு வேண்டும் திறனோ எண்மடங்காகும். சிறிய காரொன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை ஊடறுக்க ஏறக்குறைய 10 குதிரைத்திறன் போதும். 200 கிலோமீட்டர் வேகத்திற்கு 80 குதிரைத்திறன் வேண்டும். தாழ்ந்த கூரையும், குறுகிய முகப்பும், வழுவழுப்பான வடிவும் உடைய வண்டி இச்செலவைக் குறைக்கும். உயர்ந்து அகன்று பெட்டிபோல் நிற்கும் வண்டிக்கு எத்துணை ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தினும், அது தன் வன்மையின் பெரும்பகுதியைக் காற்றோடு மல்லாடுதலிலேயே போக்கிவிடும்.

இவை ஏட்டளவில் நிற்கும் கொள்கைகள் அல்ல என்பதற்கு வரலாறே சான்று. பிரான்சு நாட்டு லெ மான் நகரில் 1923ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் 24 மணி நேர ஓட்டப்போட்டி உலகறிந்தது. அங்கே 1959ஆம் ஆண்டிலே புதியதொரு பரிசு ஏற்படுத்தப்பட்டது. முதலில் வந்தோர்க்கு மட்டுமன்றி, எரிபொருளைத் திறம்படப் பயன்படுத்தி விரைந்தோடிய வண்டிக்கும் பரிசளிப்பதே அதன் கருத்து. 1962ஆம் ஆண்டுப் போட்டியில் 4 லிட்டர் எஞ்சினையுடைய பெராரி வண்டி முதலிடம் பெற்றது. அப்புதிய பரிசையோ இங்கிலாந்தின் லோட்டஸ் எலீட் என்னும் சிறுவண்டி பெற்றது. அதன் எஞ்சின் 1,216 ஸி. ஸி. அளவினதே. எனினும் அது வந்தோர் அனைவருள்ளும் எட்டாவதாக முடித்தது!

இவ்வெற்றியின் காரணம் யாது? 1957ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அவ்வண்டியின் உடல் கண்ணாடி இழையால் ஆகியது. உடலே சட்டமாகவும் நின்று வண்டியைத் தாங்கியது. தனியே இரும்புச் சட்டம் இல்லை. அதனால் அதன் எடை 600 கிலோகிராமினும் குறைவாயிற்று. காற்றை எதிர்க்கும் குணகம் 0.29. அக்காலத்துக்கு அஃது வியத்தகு எண். அதனை ஆக்கிய காலின் சாப்மன் என்பார், எதனையும் முதலில் எளிதாக்குக, பின்னர் இலேசாக்குக என்பதைத் தம் வாழ்நாட் கொள்கையாகக் கொண்டிருந்தார். பெரிய எஞ்சினைத் தேடி அலையாது, எஞ்சின் சுமக்கவேண்டியதைக் குறைத்ததே அவர்தம் மதிநுட்பமாகும்.

அந்நெறி பந்தயச் சாலையோடு நின்றுவிடவில்லை. 1976ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ப் ஜி.டி.ஐ. என்னும் ஜெர்மானிய வண்டி ஏறக்குறைய 800 கிலோகிராம் எடையும் 110 குதிரைத்திறனும் உடையது. குடும்பத்தார் ஏறிச் செல்லுதற்கும் ஏற்றது. 5,000 வண்டிகளே விலைபோகும் என எண்ணித் தொடங்கிய அதன் முதல் தலைமுறை, நான்கு இலட்சத்திற்கு மேற்பட விற்பனையாயிற்று. 1983இல் ஹோண்டா நிறுவனத்தார் சி.ஆர்.-எக்ஸ். என்னும் சிற்றூர்தியை வெளியிட்டனர். அதுவும் 800 கிலோகிராம் அளவினதே. அமெரிக்காவில் விற்கப்பட்ட அதன் சிக்கன வகை, அந்நாட்டு அரசின் அக்காலச் சோதனையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

அதே நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டில், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரையும் இணைத்து சி.ஆர்.-இஸட். என்னும் வண்டியை ஆக்கினர். விரைவையும் சிக்கனத்தையும் ஒருங்கே தருவதாகவே அஃது அறிமுகமாயிற்று. கலப்பின வண்டியின் சிறப்பு யாதெனின், பிரேக்கிடுங்கால் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் மீட்டுச் சேர்த்தலாம். ஆயினும் மின்கலமும் மோட்டாரும் சேர்ந்தமையால் எடை 1,100 கிலோகிராமைக் கடந்தது. சிக்கனமே நாடினோர்க்கு டொயோட்டாவின் ப்ரியஸ் அதனினும் மேம்பட்டு நின்றது. விரைவே நாடினோர்க்கு அதன் வன்மை போதவில்லை. இரண்டு பெயரையும் சூட்டிவிடுதலால் மட்டும் இரண்டு பண்பும் வந்துவிடா என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

எடைக் குறைவு உயிருக்கு ஊறு விளையாதோ என ஈண்டு வினவுவார் உளர். அவ்வினா நியாயமானதே. பழைய வண்டிகளின் எடைக் குறைவில் ஒரு பகுதி, காப்புச் சாதனங்கள் இன்மையால் வந்ததுதான். ஆனால், வலிய உருக்கும் அலுமினியமும் கொண்டு, காற்றுப்பைகள் முதலியன பொருந்தியும் எடை குறைந்த வண்டியை இக்காலத்தில் ஆக்குகின்றனர். 2015இல் ஜப்பானில் வெளிவந்த நான்காந் தலைமுறை எம்.எக்ஸ்.-5 வண்டி, 1.5 லிட்டர் எஞ்சினுடன் 990 கிலோகிராம் எடையே உடையது. 2017இல் வெளிவந்த சுசூகி ஸ்விப்ட் ஸ்போர்ட், நால்வர்க்கு இடமளித்தும் 970 கிலோகிராம் அளவில் நின்றது.

இதுகாறுங் கூறியவற்றால், வாங்கப் புகுவோன் கடைப்பிடிக்கத்தக்க நெறிகளைத் தொகுத்துரைப்பாம்.

1. குதிரைத்திறனை மட்டும் நோக்கற்க. அதனை எடையால் வகுத்து நோக்குக. 1,000 கிலோகிராம் வண்டியில் 130 குதிரைத்திறன் செய்வதை, 1,500 கிலோகிராம் வண்டியிற் செய்தற்கு 195 வேண்டும்.

2. எஞ்சின் சிறிதாதல் நன்று. பெரிய எஞ்சின் நகர வீதியிற் பெரும்பொழுதும் அரைத்தூக்கத்திலேயே உழல்கின்றது. அந்நிலையில் அதன் திறமை குன்றும். டர்போ பொருந்திய சிறு எஞ்சின் வேண்டும்போது வன்மை தந்து, வேண்டாதபோது அடங்கி நிற்கும். ஆயின், அதனை ஓயாது விரட்டுவோனுக்குச் சிக்கனம் கிட்டாது.

3. அகன்ற டயரையும் பெருஞ்சக்கரத்தையும் அழகு கருதி ஏற்றற்க. அவை பளுவையும் தடையையும் மிகுக்கும். தேய்ந்தவிடத்து மாற்றும் செலவும் பெரிது.

4. விளம்பரத்தில் அச்சிட்ட லிட்டர்க் கணக்கைச் சோதனைச்சாலைக் கணக்கென்றே கொள்க. 2017 முதல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுச் சோதனை முறை முன்னையதினும் உண்மைக்கு அணித்து. எனினும் இருவேறு முறைகளில் அளந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பிழையாகும்.

5. விலையோடு காப்புறுதிக் கட்டணம், டயர், உயர்தரப் பெட்ரோல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுக. பெட்ரோலில் மீந்தது பிறவற்றிற் கரைந்துபோதல் உண்டு.

6. இறுதியாக, தானே ஓட்டிப் பார்த்தன்றி எவ்வண்டியையும் வாங்கற்க. மிதமான வேகத்திலேயே மகிழ்ச்சி தருவது எதுவோ அதுவே தக்கது. மிக்க வேகத்திலன்றி இன்பந்தராத வண்டி, உடையவனைச் சட்டத்துக்கும் கூற்றுவனுக்கும் எதிரே கொண்டு நிறுத்தும்.

சிக்கனம் ஒருவன் பணப்பையோடு முடிவதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியுங்கால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகின்றது. எண்ணிறந்த ஆண்டுகளாக மண்ணினுள் விளைந்த எண்ணெயை ஒரு தலைமுறை எரித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது திரும்பப் பிறவாது. இவ்வுலகிற்கு நாம் உடையவரல்லேம், உக்கிராணக்காரரே. ஒப்புவிக்கப்பட்டதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டிய நாள் ஒன்று உண்டு என்பதை நம்புவோர், தம் மகிழ்ச்சியையும் அக்கணக்கிற்கு உட்படுத்துதல் கடனாம்.

மகிழ்ச்சி வேண்டா என்று கூறுதல் என் கருத்தன்று. இளமைக்கு விரைவு இயல்பு. வேண்டாத பளுவை ஏற்றிக்கொண்டு விரைவைத் தேடுதலே பேதைமை. வழிச்செல்வோன் மூட்டை சிறிதாயின் கால் விரையும். கட்டுச்சோறும் நெடுநாள் வரும். ஊர்திக்கும் அஃதே முறை.